வெளியேற மறுத்தார்

தண்ணீர்ப் பீலிக்கரையில் ஷெரோமி தன் வாளியை வைத்ததும், அங்கே துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குத் திட்டியிருப்பாள். வாய்ச் சண்டையில் கீழ்க்கணக்கு லயத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வாயே திறக்காமல் எழுந்து போகிறவர்களிடம் என்ன சண்டை போடுவது? கை கிழிந்த தன் நீலச் சட்டையைக் கல்லில் போட்டு அடித்து, கோபத்தை அதன்மேல் காட்டினாள்.

பூரணி மட்டும் போகவில்லை. இருவரும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள்.

"ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காத," என்றாள் பூரணி. "செல்லசாமி அண்ணன் காம்பராவ விட்டுப் போக மாட்டேன்னு சொன்னாருன்னு நீதான் கம்ப்யூட்டர்ல எழுதி வச்சியா?"

"எவன் சொன்னான் அப்படி?"

"ஆபீஸ்ல இருந்து வந்த கடுதாசிய தோட்டத்துத் தலைவரு ஆண்டியப்பன் நேத்து கோயிலடியில வாசிச்சாரு. மலை சரியுறதுக்கு முந்தியே அவங்கள எழும்பிப் போகச் சொன்னாங்களாம், அவருதான் மறுத்துட்டாராம். ஆபீஸ் பதிவுல அப்படித்தான் இருக்காம். அங்க டைப் அடிக்கிறது நீ ஒருத்திதானே?"

ஷெரோமி சவர்க்கார நுரையோடு சட்டையை வாளிக்குள் திணித்துக்கொண்டு நடந்தாள். சேற்றுப் பாதையில் அவள் நடந்த வேகத்தைப் பார்த்து ஒரு நாய் எழுந்து வழி விட்டது.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவிலிருந்து பொகவந்தலாவைக்கு ஏறுகிற பாதையில் இருக்கிறது அந்தத் தேயிலைத் தோட்டம். இந்த வருட மழையில் கீழ்க்கணக்குப் பிரிவு லயத்துக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் கடைசிக் காம்பராவின் மேல் விழுந்தது. அம்மாக்கண்ணு அப்போது பீலியில் இருந்ததால் தப்பினாள். அவளுடைய புருஷன் செல்லசாமி உள்ளே இருந்தார். லயத்து ஆண்கள் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டி அவரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

அவர் சாவதற்குச் சில கிழமைகளுக்கு முன் புருஷனும் பெண்டாட்டியும் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றதை ஷெரோமி மறக்கவில்லை. பின்சுவர் வெடித்திருக்கிறது, வெடிப்புக்குள் விரல் போகிறது என்று அம்மாக்கண்ணு சொன்னாள். தோட்ட மக்களின் முறைப்பாடுகளை டேட்டாபேஸில் ஏற்றுவது ஷெரோமியின் வேலை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டினாள். தட்டியதை வாசித்தும் காட்டினாள். "பின்சுவரில் பெரிய வெடிப்பு. மாற்று இடம் தந்தால் இன்றே வெளியேறத் தயார். பள்ளிக்கூட மண்டபமாக இருந்தாலும் போதும்." பள்ளிக்கூட மண்டபத்தைப் பற்றிச் சொன்னது செல்லசாமிதான்.

வாசித்து முடித்ததும் அந்த மனிதர் சிரித்தார். "எழுதிட்டியா தங்கச்சி? சரி, இனிமே சுவரு பயந்துக்கிட்டு நிக்கும்," என்றார். அம்மாக்கண்ணு அவர் தோளில் ஓர் அடி போட்டாள்.

அப்படிச் சொன்ன மனிதரைத்தான் இப்போது வெளியேற மறுத்தவர் என்று கோயிலடியில் வாசித்திருக்கிறார்கள். தன் சாவுக்குத் தானே காரணம் என்று, மண்ணுக்குள் போனபிறகு அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். பழி சுமத்துவதற்கு இவர்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை! தட்டிய கை தன்னுடையது என்று லயமே நம்புகிறது. ஷெரோமி நேரே ஆபீஸுக்குப் போனாள்.

ஆபீஸில் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கிற சத்தம் தூரத்தில் கேட்டது. கூட்டித் துடைக்கும் மீனம்மா கதவைத் திறந்துவிட்டுத் தேநீர் போடப் போனாள். ஷெரோமி கம்ப்யூட்டரைப் போட்டு, அந்த முறைப்பாட்டைத் தேடி எடுத்தாள்.

"பின்சுவரில் சிறு வெடிப்பு. உடனே வெளியேறும்படி சொல்லப்பட்டது. குடியிருப்பாளர் வெளியேற மறுத்தார்."

திகதி அவள் போட்ட அதே திகதி. இலக்கமும் அதே இலக்கம். சொற்களை மட்டும் மாற்றிவிட்டார்கள். "பெரிய" என்பதை "சிறு" என்றுகூட மாற்றியிருந்தார்கள், அவ்வளவு அக்கறை. மேட்டைப் போய்ப் பார்ப்பதில் இந்த அக்கறையில் பாதியைக் காட்டியிருந்தால் அந்த மனிதர் உயிரோடு இருந்திருப்பார்.

மறுபடியும் ஒருமுறை வாசித்தாள். பிறகு, தான் செய்து வைத்திருந்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது.

போன வருடம் யாரோ ஒரு தொழிலாளியின் லீவு நாட்களை மாற்றிவிட, பழி இவள் தலையில் விழுந்திருந்தது. ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தது அப்போது உதவியது. டேட்டாபேஸுக்குள் ஒரு சின்னக் கட்டளையை எழுதி வைத்தாள். டிரிகர் என்பார்கள். யாராவது ஒரு வரியைப் புதிதாகச் சேர்த்தாலும் சரி, இருக்கிற வரியை மாற்றினாலும் சரி, யாரும் சொல்லாமலே அது விழித்துக்கொள்ளும். முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன ஆனது, யாருடைய பெயரில், எந்த நேரத்தில் என்று எல்லாவற்றையும் தனியாக இன்னொரு பக்கத்தில் எழுதிவிடும். இதைப் பெரிய கிளாக்கர் யோகேஸ்வரனிடம் சொல்லவும் செய்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏதோ பண்ணு, மெஷின் நின்னுடாம பாத்துக்க," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை யாரும் திறந்ததில்லை. அவளும் மறந்துபோயிருந்தாள்.

இப்போது திறந்தாள்.

எல்லாம் இருந்தது. அவள் முதலில் எழுதிய வரி ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. பக்கத்திலேயே புதிய பொய்யும் இருந்தது. மாற்றிய நாள், செல்லசாமியை அடக்கம் செய்த நாள். நேரம், பிற்பகல் மூன்றைத் தாண்டிச் சில நிமிடம். ஷெரோமிக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அடுத்த கட்டத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போயிற்று. மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் "ஷெரோமி" என்று இருந்தது.

அதற்குக் காரணம் அந்த ஆபீஸின் பழக்கம். காலையில் பெரட்டு முடிந்ததும் ஷெரோமி தன் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு மெஷினைத் திறப்பாள். சாயந்தரம் ஆபீஸ் பூட்டும்வரை அது திறந்தேதான் கிடக்கும். ஸ்டோர் அறைக் கதவைப்போல, காலையில் ஒருவர் திறந்தால் போதும், நாள் முழுக்க எல்லோரும் போய் வரலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பெயர் அவள் போட்டுத்தான் கொடுத்திருந்தாள். ஒருவராவது பாவிக்க வேண்டுமே! "ஒவ்வொரு தடவையும் மூடி மூடித் திறக்க நேரம் யாருக்கு இருக்கு?" என்று பெரிய கிளாக்கர் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடக்கத்தன்று காலையில் திறந்த மெஷினை அவளும் மூடவில்லை. லயத்தில் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் போட்டது போட்டபடி ஓடியிருந்தாள்.

சாவு விழுந்தால் அந்தத் தோட்டத்தில் அன்றைக்கு யாரும் மலைக்கு ஏறுவதில்லை. ஆபீஸில் இருப்பவர்களும் போய்விடுவார்கள். அன்றைக்கு யோகேஸ்வரன், "நீங்க எல்லாரும் போங்க, ஆபீஸ நான் பாத்துக்கிறேன்," என்று சொன்னபோது, எவ்வளவு நல்ல மனம் என்று லயமே மெச்சியது. ஷெரோமியும் மெச்சினாள். அதை நினைத்துத் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

யோகேஸ்வரன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஷெரோமி திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இத மாத்துனது யாருங்க ஐயா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் மறுபடியும் ரத்தம் ஊறியது.

"உன் பேருதானேம்மா போட்டிருக்கு?"

"என் பேருல ஒக்காந்தது யாருன்னு கேக்குறேன்."

"அதெல்லாம் மெஷின் சொல்லாது." அவர் கதவைச் சாத்தினார். குரலில் தேன் ஒழுகியது. "இந்தா பாரு ஷெரோமி. வர்ற கிழமை நுவரெலியாவுல இருந்து வெசாரணைக்கு வர்றாங்க. மனுசன் செத்தது செத்ததுதான், திரும்பி வரப் போறதில்ல. அந்தப் பக்கத்த நீயே அழிச்சிடு. ஒன்னைய வேலையில நிரந்தரமாக்குறதப் பத்தித் துரைகிட்ட நான் பேசுறேன்."

"அழிக்க மாட்டேன்."

"அப்ப வச்சுக்க. எடுத்துக் காட்டு. யாரு பேரு வரும்? உன் பேரு வரும். உங்க லயத்து ஆளுங்களே ஒன்னையத்தான் சொல்றாங்க. எதுக்கு வீணா மாட்டிக்கிற? வெசாரணை முடியிற வரைக்கும் லீவு போட்டுட்டு வீட்டுல இரு. போ."

"போகமாட்டேன் ஐயா."

"என்ன சொன்ன?"

"போகமாட்டேன்னு சொன்னேன். வேணும்னா அதையும் எழுதிக்கோங்க. இந்தத் தடவ அது உண்மையா இருக்கும்."

யோகேஸ்வரன் இருபது வருடமாக அந்த மேசையில் இருக்கிறவர். லயத்திலிருந்து வந்த ஒரு பெண் அவருக்கு முன்னால் இப்படி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. மீனம்மா தேநீரோடு வந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கோப்பைகளை வைத்த வேகத்தில் வெளியே போனாள்.

வீட்டில் அம்மா மரியநாயகி வேறு விதமாகப் பயந்தாள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

"நமக்கு எதுக்குடி இந்த வம்பு? அவங்க நெனச்சா ஒன்னைய மட்டுமா, நம்மளையே காம்பராவ விட்டு எழுப்பிடுவாங்க."

"அம்மா, லயத்துல எல்லாரும் என்னைய என்னன்னு நெனைக்கிறாங்க தெரியுமா? செத்த மனுசன் மேல பொய் எழுதுனவள்னு நெனைக்கிறாங்க. அந்தப் பேரோட இந்தக் காம்பராவுல இருந்து என்ன பண்றது?"

மரியநாயகி மெழுகுவர்த்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ஷெரோமி பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனாள். மலை சரிந்தபிறகு கடைசிக் காம்பராக்காரர்களை அங்கேதான் தங்க வைத்திருந்தார்கள். செல்லசாமி கேட்ட அதே மண்டபம். அவர் உயிரோடு கேட்டபோது திறக்காத கதவு, செத்த அன்றே திறந்துகொண்டது. அம்மாக்கண்ணு ஒரு மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஷெரோமியைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, நான் எழுதல."

அம்மாக்கண்ணு திரும்பவில்லை. "நீ வாசிச்சுக் காட்டுனப்ப நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "நாங்க ரெண்டு பேரும் நம்பிட்டுப் போனோம்."

ஷெரோமிக்கு அழுகை வந்தது. அழுதால் குற்றம் செய்தவள் அழுவதைப்போல் ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள். கண்ணீருக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

"என்னைய நம்ப வேணாம் அக்கா. வெசாரணைக்கு வாங்க. லயத்து ஆளுங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. எல்லாரு முன்னாடியும் என்னையத் திட்டுங்க, காறித் துப்புங்க. ஆனா வாங்க."

விசாரணை நாளில் மழை விட்டிருந்தது. ஆபீஸ் வாசலிலும் ஜன்னல்களிலும் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். திட்டுவதற்கு வந்தவர்களே அதிகம். உள்ளே நுவரெலியாவிலிருந்து வந்த அதிகாரி, நடுத்தர வயதுப் பெண், சேறு படிந்த சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். வந்ததும் நேரே மேட்டைப் பார்க்கப் போய்விட்டு வந்திருந்தார் என்பதை அந்தச் சப்பாத்து சொன்னது. பக்கத்தில் தோட்ட நிர்வாகியான துரை. மொழிபெயர்க்க யோகேஸ்வரன் நின்றார். சலவை மடிப்புக் கலையாத சட்டை; புதுமாப்பிள்ளை தோற்றுப்போவான்.

பதிவின் பிரதியை அவர் அதிகாரியிடம் கொடுத்தார். அதிகாரி அதை அவரைக்கொண்டே சிங்களத்தில் வாசிக்கக் கேட்டு, அம்மாக்கண்ணுவைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். யோகேஸ்வரன் தமிழில் சொன்னார்:

"ஏன் போக மறுத்தீங்கன்னு கேக்குறாங்க."

அம்மாக்கண்ணு சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எங்கள யாரும் போகச் சொல்லலீங்க. நாங்கதான் போறோம் போறோம்னு சொன்னோம். போறதுக்கு எடம்தான் குடுக்கல."

யோகேஸ்வரன் அதிகாரியின் பக்கம் திரும்பி, "காட்டிய இடம் பிடிக்காததால் போகவில்லை என்கிறார்," என்று சிங்களத்தில் சொன்னார்.

"அவர் அப்படிச் சொல்லவில்லை, மேடம்."

கம்ப்யூட்டர் மேசையிலிருந்து ஷெரோமி எழுந்து நின்றிருந்தாள். அவளும் சிங்களத்தில்தான் சொன்னாள். ஹட்டன் பஸ்ஸிலும் கடைகளிலும் பேசிப் பழகிய, ஓட்டமான சிங்களம். அம்மாக்கண்ணு சொன்னதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னாள். அதிகாரி யோகேஸ்வரனை ஒரு பார்வை பார்த்தார்.

துரைக்கு முகம் சிவந்தது. "யாரு ஒன்னையப் பேசச் சொன்னது? ஒக்காரு."

"இவங்க சொன்னதத்தான் சொன்னேன் சேர். இன்னும் ஒன்னு இருக்கு, அதையும் காட்டிட்டு ஒக்காருறேன்."

திரையை அதிகாரியின் பக்கம் திருப்பி, அந்தப் பக்கத்தைத் திறந்தாள். முதலில் எழுதிய வரியைக் காட்டினாள். மாற்றிய வரியையும், நாளையும் நேரத்தையும், மாற்றியவர் பெயரையும் சிங்களத்தில் சொல்லிக் காட்டினாள். இதை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை, மாற்றிய அதே நொடியில் மெஷின் தானாக எழுதிக்கொள்ளும் என்று விளக்கினாள். ஜன்னலில் நின்றவர்களுக்காகத் தமிழிலும் உரக்க வாசித்தாள். "மாற்று இடம் தந்தால் இன்றே வெளியேறத் தயார்" என்று அவள் வாசித்தபோது, அம்மாக்கண்ணு முகத்தைத் தூக்கினாள்.

அதிகாரி விரலால் கடைசிக் கட்டத்தைத் தொட்டார். "மாற்றியவர் ஷெரோமி என்று இருக்கிறது. அது நீங்கள்தானே?"

ஜன்னலில் சலசலப்பு எழுந்தது. "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று யாரோ சொன்னார்கள். யோகேஸ்வரன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சட்டைக் கையைச் சரிசெய்தார்.

"பேர் என்னுடையதுதான்," என்றாள் ஷெரோமி. "காலையில் நான் திறந்து வைத்த மெஷினில் இந்த ஆபீஸில் எல்லோரும் வேலை செய்வார்கள், மேடம். அது எங்கள் கெட்ட பழக்கம். அதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்த மெஷினுக்கு வெளியிலிருந்து இணைப்பு எதுவும் கிடையாது. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் எதையும் மாற்ற முடியும். செல்லசாமி அண்ணனை அடக்கம் செய்த அன்று, மூன்று மணிக்குப் பிறகு இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேனா என்று இவர்களிடமே கேளுங்கள்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பீலியில் எழுந்து போனவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள்.

"எம்மேல கோவம் இருந்தா இருக்கட்டும். அத அப்புறம் பேசிக்கலாம். மூணு மணிச் சங்கு ஊதுனப்ப நான் எங்க நின்னேன்? உண்மையச் சொல்லுங்க."

எல்லோருக்கும் அந்த நேரம் நினைவிருந்தது. மறக்கிற நேரமா அது? பாடையைத் தோளில் தூக்குகிற வேளையில் ஃபெக்டரிச் சங்கு ஊதியது. அம்மாக்கண்ணு அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான், "சங்கு ஊதிட்டான் பாருங்க, வேலைக்குக் கூப்புடுறான், எந்திரிங்க" என்று கத்திக்கொண்டு பாடைக்குப் பின்னால் ஓடினாள். அன்றைக்கு அந்த லயத்தில் கல்லுக்குக்கூடக் கண் கலங்கியிருக்கும்.

அம்மாக்கண்ணு மெதுவாக எழுந்தாள். அவள் ஷெரோமியைப் பார்த்த பார்வை, இத்தனை நாள் மறந்திருந்த ஒன்றைத் தேடி எடுத்ததுபோல் இருந்தது.

"இவ எங்கிட்டத்தான் நின்னா," என்றாள். பிறகு குரலைக் கூட்டினாள். "பாடைக்குப் பின்னாடி ஓடுன என்னைய இடுப்போட கட்டிப் புடிச்சது இந்தப் புள்ளதான். நான் விடச் சொல்லி அடிச்சேன். கடிச்சேன். இவ போட்டிருந்த நீலச் சட்டையோட கையப் புடிச்சுக் கிழிச்சேன். இவ விடவே இல்ல. அவங்க கண்ணுக்கு மறைஞ்சு போற வரைக்கும் விடல."

"ஆமா, ஆமா," என்று பூரணியின் குரல் கேட்டது. "நான்தான் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். ரெண்டு பேரும் மண்ணுல விழுந்து கெடந்தாங்க." அப்புறம் எல்லோரும் ஒரேயடியாகப் பேச ஆரம்பித்தார்கள். தலைவர் ஆண்டியப்பன், தானும் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு முன்னால் வந்தார்; கடிதத்தை வாசித்த குரலைவிட இப்போது அவர் குரல் நன்றாகவே எடுபட்டது.

அதிகாரி கையை உயர்த்தினார். "அப்படியானால், அந்த நேரத்தில் இந்த ஆபீஸில் இருந்தது யார்?"

ஷெரோமி அதைத் தமிழில் கேட்டாள். பதில் வாசலிலிருந்து வந்தது. விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி மீனம்மா நின்றாள்.

"சாவிய ஐயாதான் வாங்கி வச்சுக்கிட்டாரு," என்றாள். "எல்லாரும் போங்க, ஆபீஸ நான் பாத்துக்கிறேன்னு சொன்னாரு. துரை பங்களாவுக்குப் போய்ட்டு வந்துதான் சொன்னாரு. நல்ல மனசுன்னு நானும் கும்புட்டுட்டுப் போனேன்."

யோகேஸ்வரன் துரையைப் பார்த்தார். துரை ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் அத்தனை முகங்கள் இருந்ததால் அவருக்குப் பார்ப்பதற்கு வேறு இடம் இல்லாமல்போயிற்று.

அந்தப் பக்கத்தை அச்சடித்துத் தரும்படி அதிகாரி கேட்டார். பிரிண்டர் இழுத்து இழுத்துத் தாளைத் தள்ளியது. அவர் அதில் கையெழுத்துப் போட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டு, துரையும் பெரிய கிளாக்கரும் மறுநாள் நுவரெலியாவுக்கு வர வேண்டும் என்றார். சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. துரையின் கைதான் மேசையில் எதையோ தேடித் தடவிக்கொண்டிருந்தது.

துரை தொண்டையைச் செருமினார். "ஏதோ தவறு நடந்திருக்கு. ஷெரோமி, அந்த வரியப் பழையபடி மாத்திடு."

"மாத்த மாட்டேன் சேர்."

"என்ன?"

"நான் எழுதுன வரி எங்கயும் போகல, அந்தப் பக்கத்துல பத்திரமா இருக்கு. நீங்க எழுதுன வரியும் அப்படியே இருக்கட்டும். பாக்குறவங்க ரெண்டையும் பாக்கட்டும்." அவள் அதையே அதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னாள். "செல்லசாமி அண்ணனுடைய மனைவி இப்போது சொல்வதை மட்டும் கீழே புது வரியாகச் சேர்க்கிறேன், மேடம். அனுமதி உண்டா?"

அதிகாரி தலையசைத்தார்.

"நாளைக்கு நீ ஆபீஸ் பக்கம் வர வேணாம்," என்றார் யோகேஸ்வரன் அடிக்குரலில். அவரிடம் அப்போது மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"வருவேன் ஐயா. பெரட்டுக்கு முந்தியே வருவேன். நீங்க வந்தீங்கன்னா உங்க பேரப் போட்டுத் தொறந்துக்கோங்க, இனிமே என் பேருல ஒருத்தரும் ஒக்கார முடியாது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாக்கண்ணுவைப் பக்கத்தில் கூப்பிட்டாள். அம்மாக்கண்ணு தயங்கித் தயங்கி வந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அறைக்குள் அவள் கால் வைத்தது அன்றைக்குத்தான். இதற்கு முன் எப்போதும் ஜன்னலோடு சரி.

"சொல்லுங்க அக்கா."

"நாங்க போறோம்னு சொன்னோம். எடம் குடுக்கல," என்றாள் அம்மாக்கண்ணு. "அவ்வளவுதான். அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

ஷெரோமி அதை அப்படியே தட்டினாள். திருத்தமாக எழுதுகிறேன் என்று ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. தட்டி முடித்து, ஜன்னலுக்கு வெளியே கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். யாரும் சொல்லாமலே, அடுத்த பக்கத்தில் இன்னொரு வரி விழுந்தது: சேர்க்கப்பட்டது, ஷெரோமி, இன்றைய திகதி, இந்த நேரம்.

அம்மாக்கண்ணு திரையை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், உதடுகள் அசைந்தன. முழுவதும் வாசித்துவிட்டுத் துரையையும் பெரிய கிளாக்கரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு இதையும் இவங்க மாத்திப்புட்டா?"

"மாத்தட்டும் அக்கா. மாத்துனா மாத்துனதும் இதுல விழும்."

அம்மாக்கண்ணு தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைக்கவில்லை. ஷெரோமியின் தோளில், தன் புருஷனுக்குப் போட்ட அதே மாதிரி ஓர் அடி போட்டாள்.

"எழுதிட்டா சுவரு பயந்துக்கிட்டு நிக்கும்னு சொன்னாரு," என்றாள். "சுவரு பயப்படல. இவங்களாச்சும் பயப்படட்டும்."